அட்வென்ட் என்றால் என்ன? கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களை வீட்டில் எப்படிக் கழிப்பது?

கிறிஸ்துமஸ் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் டிசம்பர் முதல் வாரம் என்றுதான் பதில் வரும். மரம் வைத்தாயிற்று, விளக்குகள் போட்டாயிற்று, பாட்டுகள் ஒலிக்கத் தொடங்கிவிட்டன. 25ஆம் தேதி சாயங்காலத்துக்குள் எல்லாரும் களைத்துப்போய்விடுகிறார்கள். 26ஆம் தேதி பண்டிகை முடிந்தது. திருச்சபையின் நாட்காட்டியோ இதை அப்படியே திருப்பிப் போடுகிறது. அதன்படி கிறிஸ்துமஸ் தொடங்குவதே 25ஆம் தேதிதான். அதற்கு முந்தைய நான்கு வாரங்களுக்குத் தனியாக ஒரு பெயர் உண்டு, ஒரு நிறம் உண்டு, ஒரு மனநிலையும் உண்டு. அதுதான் அட்வென்ட். திருவருகைக் காலம் என்றும் சொல்கிறோம்.

இந்தப் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களுக்காகவும், ஆலயத்தில் கேட்டிருந்தும் வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிற பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம் வீட்டுக் கிறிஸ்துமஸில் கிறிஸ்து ஓரமாகப் போய்விட்டாரே என்று வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு நாளைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். பரிசைக் குறைக்கலாமா, அலங்காரத்தைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். அந்த நாளை விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் இருக்க வேண்டிய காத்திருப்பை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். அந்த நாள் தானாக மாறும்.

நாட்கணக்கு

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகள் அட்வென்ட் ஞாயிறுகள். முதல் ஞாயிறு நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை ஏதாவது ஒரு நாளில் விழும். நவம்பர் 30, அப்போஸ்தலனாகிய அந்திரேயாவின் திருநாள். அதற்கு மிக அருகில் உள்ள ஞாயிறு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையில் வருகிறது என்பதைப் பொறுத்து இந்தக் காலம் நீளும், குறையும். 2022இல் கிறிஸ்துமஸே ஞாயிற்றுக்கிழமை வந்ததால் முழுதாக 28 நாட்கள் கிடைத்தன. 2023இல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24ஆம் தேதி என்பதால் 22 நாட்கள்தான்.

மேற்கத்திய திருச்சபைகளில் சபையின் புதிய ஆண்டும் இந்த முதல் ஞாயிறில்தான் தொடங்குகிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் அட்வென்ட் என்ற அமைப்பு இல்லை. அவர்களுக்கு நவம்பர் 15 முதல் 40 நாள் நோன்பு. மேற்கிலும் ஒருகாலத்தில் நோன்புதான் முதன்மையாக இருந்தது. 5ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகரப் பேராயராக இருந்த பெர்பெத்துவஸ், நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னார். ஆலயத்தில் இந்த வாரங்களில் பலிபீடத் துணியும் குருவானவரின் அங்கியும் ஊதா நிறத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சில சபைகளில் நீலம். ஊதா, மனந்திரும்புதலின் நிறம். அரசரின் நிறமும் அதுவே. மூன்றாம் ஞாயிறு மட்டும் பல இடங்களில் இளஞ்சிவப்பு. பாதி வழி தாண்டிவிட்டோம், கொஞ்சம் சந்தோஷப்படுங்கள் என்று அந்த நிறம் சொல்கிறது.

யாருக்காகக் காத்திருக்கிறோம்

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அட்வென்ட் என்றால் குழந்தை இயேசுவின் பிறந்தநாளுக்கு நாள் எண்ணுவது என்று நினைத்துக்கொண்டு முதல் ஞாயிறு ஆலயத்துக்குப் போனால் திகைத்துப்போவார்கள். அன்றைக்கு வாசிக்கப்படும் நற்செய்தியில் குழந்தையும் இல்லை, தொழுவமும் இல்லை. சூரியனிலும் சந்திரனிலும் அடையாளங்கள், நோவாவின் நாட்கள், எந்த நேரத்தில் வீட்டெஜமான் வருவான் என்று தெரியாததால் விழித்திருங்கள் என்ற எச்சரிக்கை, இவைதான் வரும்.

காரணம், அட்வென்ட் இரண்டு வருகைகளைச் சேர்த்துப் பார்க்கிறது. ஒன்று, பெத்லகேமில் நடந்து முடிந்தது. இன்னொன்று, கிறிஸ்து மறுபடியும் வருவார் என்று விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடுகிறோமே, அது. இயேசு ஏற்கெனவே பிறந்துவிட்டார். அவர் பிறக்காதது போல நான்கு வாரம் நடிப்பதில் அர்த்தமில்லை. இஸ்ரவேலர் முதல் வருகைக்காகக் காத்திருந்த விதத்தைப் படித்து, இரண்டாம் வருகைக்காக நாம் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறோம். 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கிளேர்வோ மடத்துத் துறவி பெர்நார்து இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்றையும் சேர்த்தார்: விசுவாசியின் உள்ளத்துக்குள் கிறிஸ்து அன்றாடம் வருவது. முதல் வருகை பலவீனமான மாம்சத்தில், கடைசி வருகை மகிமையில், நடுவில் உள்ளது யாருக்கும் தெரியாமல் நடப்பது என்றார் அவர். எனக்கு இந்த மூன்றாவதுதான் குடும்பத்துக்கு மிகவும் நெருக்கமானதாகப் படுகிறது. நாம் வீட்டில் செய்யப்போவதெல்லாம் அதற்கு இடம் விடுவதுதான்.

இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் யோவான் ஸ்நானன் வருகிறார். ஒட்டகமயிர் உடையும் கடுமையான பேச்சுமாக வந்து, கர்த்தருக்கு வழியை ஆயத்தப்படுத்துங்கள் என்கிறார். ஜனங்கள் அவரிடம், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். லூக்கா 3ஆம் அதிகாரத்தில் அவர் சொல்லும் பதில் ரொம்பவும் வீட்டுக்குரியது. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும். ஆகாரம் உள்ளவனும் அப்படியே செய்யட்டும். வரிவசூலிப்பவன் விதித்ததற்கு மேல் வாங்காதிருக்கட்டும். மனந்திரும்புதல் என்ற பெரிய வார்த்தையைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று தடுமாறுகிறவர்களுக்கு இதைவிட எளிய பகுதி கிடைக்காது. நான்காம் ஞாயிறில்தான் மரியாளும் யோசேப்பும் வருகிறார்கள். அதாவது, பிறப்பின் கதைக்குள் நுழையவே மூன்று வாரம் நடக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காத்திருப்பின் நீளத்தையும் ஒருமுறை மனதில் வாங்கிப் பாருங்கள். இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள், நமக்கு ஒரு பாலகன் பிறந்தார் என்று ஏசாயா சொன்னது கி.மு. 8ஆம் நூற்றாண்டில். அதன்பிறகு எருசலேம் விழுந்தது, ஆலயம் இடிக்கப்பட்டது, ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைபோனார்கள், திரும்பி வந்தார்கள், ஒரு பேரரசு போய் இன்னொன்று வந்தது. அந்த வாக்குத்தத்தத்தைக் கேட்டுக்கொண்டே பிறந்து, கேட்டுக்கொண்டே இறந்த தலைமுறைகள் எத்தனை! லூக்கா 2ஆம் அதிகாரத்தில் வரும் சிமியோனும் அன்னாளும் அந்த நீண்ட வரிசையின் கடைசியில் நிற்பவர்கள். அன்னாள் விதவை, 84 வயது, தேவாலயத்தைவிட்டு நீங்காதவள். அவர்கள் குழந்தையைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். அன்றைக்கு ஆலயத்தில் வேறு எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு அது ஏதோ ஒரு ஏழைத் தம்பதியின் குழந்தை. காத்திருந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. அட்வென்ட் எதற்காக என்று யாராவது கேட்டால் நான் இந்த இரண்டு முதியவர்களைத்தான் காட்டுவேன்.

நான்கு மெழுகுவர்த்திகள்

சரி, வீட்டில் எதிலிருந்து தொடங்குவது? ஒன்றே ஒன்று செய்ய முடியும் என்றால் அட்வென்ட் வளையத்தைத் தேர்ந்தெடுங்கள். பச்சை இலைகளால் ஆன ஒரு வட்டம், அதில் நான்கு மெழுகுவர்த்திகள். முதல் ஞாயிறு ஒன்றை ஏற்றுகிறோம், இரண்டாம் ஞாயிறு இரண்டை, இப்படி வாரம் ஒன்றாகக் கூடும். சில வீடுகளில் நடுவில் ஐந்தாவதாக ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி வைத்து, கிறிஸ்துமஸ் அன்று ஏற்றுவார்கள்.

இது மிகப் பழைய வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் இன்று அறிந்த வடிவம் 19ஆம் நூற்றாண்டில் பிறந்தது, அதுவும் ஏழைப் பிள்ளைகளுக்காக. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விகெர்ன் என்ற லூத்தரன் போதகர், ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ரௌஹெஸ் ஹௌஸ் என்ற இல்லத்தை நடத்திவந்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் அவரை நச்சரித்ததாகச் சொல்வார்கள். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதன்மேல் வார நாட்களுக்கு 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வைத்தார். அந்த ஆண்டு முதல் ஞாயிறு டிசம்பர் 1 என்பதால் கணக்கு மிகச் சரியாக 24. தினமும் ஒன்று ஏற்றி, வசனம் வாசித்து, ஜெபம் செய்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்குக் காத்திருப்பது என்றாலே ஏமாற்றம்தான் பழக்கம். ஒவ்வொரு நாளும் வெளிச்சம் கூடிக்கொண்டே போவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள், கடைசியில் சொன்னபடியே அந்த நாளும் வந்தது. வாக்குத்தத்தம் என்பதை இதைவிட நன்றாக எந்தப் பிரசங்கமும் அவர்களுக்குச் சொல்லியிருக்காது என்று நினைக்கிறேன். பின்னர் எண்ணிக்கை நான்காகச் சுருங்கி, 20ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க வீடுகளுக்கும் பரவியது.

நம்பிக்கை, சமாதானம், சந்தோஷம், அன்பு என்று நான்கு மெழுகுவர்த்திகளுக்கும் பெயர் சொல்வார்கள். தீர்க்கதரிசிகள், பெத்லகேம், மேய்ப்பர்கள், தூதர்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. வரிசையும் சபைக்குச் சபை மாறும். உங்கள் சபையில் எப்படியோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதில் குழம்ப வேண்டாம். நிறத்துக்காகவும் அலைய வேண்டாம். மூன்று ஊதா, ஒரு இளஞ்சிவப்பு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நான்கும் வெள்ளையாக இருக்கட்டும்.

செய்யும் முறை சுருக்கமாக இருக்க வேண்டும், இது மிக முக்கியம். தினமும் இரவு உணவுக்கு உட்கார்ந்ததும் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். வீட்டில் இளையவர் யாரோ, பெரியவர் துணையோடு அவர் அந்த வாரத்துக்குரிய மெழுகுவர்த்திகளை ஏற்றட்டும். ஒருவர் சில வசனங்களை வாசிக்கட்டும். பிறகு எல்லாரும் சேர்ந்து வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் உள்ள அந்தச் சிறு ஜெபத்தைச் சொல்லலாம்: “கர்த்தராகிய இயேசுவே, வாரும்.” அவ்வளவுதான், ஐந்து நிமிடம். நீளமான விளக்கமும் அறிவுரையும் சேர்த்தால் இரண்டாவது வாரமே பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், அது அவர்கள் குற்றமில்லை. ஐந்து நிமிடத்தை 25 நாள் விடாமல் செய்வதில்தான் பலன். இலைகள் காய்ந்துவிட்டால் எளிதில் தீப்பற்றும். அவ்வப்போது மாற்றுங்கள், எரியும் மெழுகுவர்த்தியை விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.

எதை வாசிப்பது

பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தவர்கள் என்றால் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1 முதல் தினமும் ஒன்று வாசித்தால் 24ஆம் தேதி முடிந்துவிடும். அப்படியானால் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் சிலுவையைப் பற்றி வாசிக்க வேண்டி வருமே என்று சிலர் தயங்குவார்கள். வாசிக்கட்டும். முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத்தொட்டியில், கிடத்தப்பட்டவர் யார் என்று தெரிந்துகொண்டே 25ஆம் தேதி ஆலயத்துக்குப் போவார்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களும் மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களும் போதும். அவற்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்தாலே நான்கு வாரத்துக்கு வரும். சகரியா பேச முடியாமல் ஆலயத்திலிருந்து வெளியே வருவது ஒரு நாள். காபிரியேல் மரியாளிடம் வருவது ஒரு நாள். எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளியது ஒரு நாள். பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார் என்று மரியாள் பாடியது ஒரு நாள். இந்தக் கடைசிப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் அட்டைகளில் மரியாள் அமைதியாகக் குனிந்திருக்கிறாள். லூக்கா காட்டும் மரியாள் பசியுள்ளவர்களைப் பற்றியும் ஐசுவரியவான்களைப் பற்றியும் பாடுகிறாள்.

ஈசாய் மரம் என்று இன்னொரு முறை உண்டு. ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றும் என்ற ஏசாயா 11ஆம் அதிகாரத்தின் வார்த்தையிலிருந்து வந்தது. ஒரு காய்ந்த கிளையை ஜாடியில் நட்டு, ஆதாம் முதல் யோசேப்பு வரை தினமும் ஒரு கதை வாசித்து, அதற்கு ஒரு படம் வரைந்து தொங்கவிட வேண்டும். நோவாவுக்கு வானவில், யாக்கோபுக்கு ஏணி, ரூத்துக்கு கோதுமைக் கதிர். வரையப் பிடிக்கும் பிள்ளைகள் இருந்தால் இது நன்றாக வேலை செய்யும்.

குடில், பரிசு, சாந்தா கிளாஸ்

1223ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் ஒரு தீவனத்தொட்டியில் வைக்கோல் போட்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, அங்கே நற்கருணை வழிபாடு நடக்கச் செய்தார். குழந்தை எவ்வளவு எளிமையில் பிறந்தது என்பதை ஜனங்கள் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் ஆசை. வீட்டுக் குடிலுக்கும் அந்த நோக்கமே இருக்கட்டும். அட்வென்ட் தொடங்கும்போதே குடிலை அமைக்கலாம், ஆனால் எல்லா உருவங்களையும் ஒரே நாளில் வைத்துவிடாதீர்கள். முன்னணை காலியாக இருக்கட்டும். மரியாளும் யோசேப்பும் வீட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து வரட்டும். குழந்தையின் உருவத்தை 24ஆம் தேதி இரவுதான் வைக்க வேண்டும். நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் அன்றைக்கும் வந்து சேரக் கூடாது. மத்தேயுவின்படி அவர்கள் பிள்ளையைக் கண்டது ஒரு வீட்டில். அவர்கள் எத்தனை பேர் என்றும் வேதம் சொல்லவில்லை. அவர்கள் ஜனவரி 6ஆம் தேதி வரட்டும்.

வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப்போகிறது என்றால் எப்படி இருக்கும்? தொட்டில் தயாராகிறது, பழைய துணிகளைத் துவைத்து மடித்து வைக்கிறார்கள், அறையை ஒழுங்குபடுத்துகிறார்கள், பேச்செல்லாம் அதைப் பற்றியே. அந்த வேலைகளை யாரும் சுமையாக நினைப்பதில்லை, வரப்போவது யார் என்று தெரிந்து செய்வதால். டிசம்பர் மாத வீட்டு வேலைகளையும் இப்படிச் செய்ய முடியும். வீட்டைச் சுத்தம் செய்வது, பலகாரம் செய்வது, மரத்தை அலங்கரிப்பது எதையும் விட வேண்டியதில்லை. மரம் வைப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, வாரம் ஒரு பகுதியாக அலங்கரித்தாலே வீட்டின் ஓட்டம் நிதானப்படும்.

பரிசு விஷயத்தில் யோவான் ஸ்நானனின் இரண்டு அங்கிகளுக்குத் திரும்பிப் போவேன். என்ன வேண்டும் என்று பிள்ளைகளிடம் பட்டியல் கேட்பதற்கு முன்னால், எதைக் கொடுக்கப்போகிறாய் என்று கேளுங்கள். பழையதும் கிழிந்ததும் வேண்டாம், அவர்களுக்கே பிடித்த, இன்னும் நன்றாக இருக்கிற ஒன்று. யாருக்குக் கொடுப்பது என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். 25ஆம் தேதிக்குள் அது போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

பரிசு கொண்டுவரும் சாந்தா கிளாஸ் தாத்தாவைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். பிள்ளைகளைப் பயமுறுத்தவோ கேலி செய்யவோ வேண்டாம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நிஜ மனிதர் இருந்தார், அவர் கதையைச் சொல்லுங்கள். 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயர் நிக்கொலாஸ். அவர் திருநாள் டிசம்பர் 6, அட்வென்ட் காலத்துக்குள்ளேயே வருகிறது. மூன்று மகள்களுக்குச் சீர் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் வீட்டில், இரவில் யாருக்கும் தெரியாமல் பணப்பையைப் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய பழைய கதை. பிள்ளைகளும் அன்றைக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு உதவி செய்து பார்க்கலாம்.

துக்கத்தில் இருக்கும் வீடுகள்

எல்லா வீட்டிலும் டிசம்பர் சந்தோஷமாக இருப்பதில்லை. அந்த ஆண்டில் ஒருவரை இழந்திருப்பார்கள், வேலை போயிருக்கும், மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருப்பார்கள். சுற்றிலும் எல்லாரும் கொண்டாடும்போது தாங்கள் மட்டும் வெளியே நிற்பதாக உணர்வார்கள். உண்மையில் அட்வென்ட் முதலில் அவர்களுக்குத்தான் உரியது. இருள் இல்லை என்று அது பாசாங்கு செய்வதில்லை, இருளில் நடக்கிற ஜனங்கள் என்றே தொடங்குகிறது. எவ்வளவு காலம் கர்த்தாவே என்ற சங்கீதங்கள் இந்த வாரங்களுக்கு அருமையாகப் பொருந்தும். அலங்காரம் செய்ய மனமில்லை என்றால் செய்யாதீர்கள். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, “கர்த்தராகிய இயேசுவே, வாரும்” என்று மட்டும் சொல்லுங்கள். இறந்தவரின் பெயரையும் அந்த ஜெபத்தில் சொல்லலாம். இரண்டாம் வருகையை நம்புகிற நாம், அவர்களையும் மறுபடி காண்போம் என்றுதானே நம்புகிறோம்.

அப்புறம், கிறிஸ்துமஸ்

இவ்வளவு காத்திருந்துவிட்டு 26ஆம் தேதியே எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடாதீர்கள். பண்டிகைக்கு 12 நாட்கள் உண்டு, சாஸ்திரிகளின் வருகையை நினைவுகூரும் ஜனவரி 6இன் திருக்காட்சித் திருநாள் வரை. உறவினர் வருகை, பாட்டு, விளையாட்டு, பரிசுகளில் சில, இவற்றை அந்த நாட்களுக்குத் தள்ளிவைத்தால் டிசம்பரின் நெரிசலும் குறையும். வாரக்கடைசியில் குடிலைச் சுற்றி உட்கார்ந்து பாட இன்னும் நேரம் இருக்கும்.

2026இல் அட்வென்ட் முதல் ஞாயிறு நவம்பர் 29, 2027இல் நவம்பர் 28. இப்போதே நாட்காட்டியில் குறித்துவைத்துவிடுங்கள், அந்தச் சமயத்தில் எளிதாக மறந்துபோகும். அப்படியே மறந்து, இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோதான் நினைவு வந்தது என்றால், அதுவரை ஏற்றியிருக்க வேண்டிய மெழுகுவர்த்திகளையெல்லாம் சேர்த்து ஏற்றிவிட்டு அன்றைய வாசிப்பிலிருந்து தொடங்குங்கள். விட்டுப்போன அதிகாரங்களை ஈடுகட்ட ஒரே இரவில் பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டாம்.